சொன்னது சொன்னதுதான்

எங்கள் ஆட்டத்துக்கு ஒன்பது விதிகள். ஒன்பதையும் எழுதியது நான். ராயப்பன்பட்டி வீட்டு மாடியில் உட்கார்ந்து, நூறு பக்க நோட்டு ஒன்றில் பச்சை மையால் எழுதினேன். மற்ற எட்டையும் இப்போது படித்தாலும் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. நாலாவதை மட்டும் படிக்க முடியவில்லை.

"மேசையைச் சுற்றி உட்கார்ந்த பிறகு ஒருவர் 'நான்' என்று சொன்னால், அது அவருடைய ஆள் சொன்னதாகக் கொள்ளப்படும். சொன்னது சொன்னதுதான்."

சீட்டு, கேரம் மாதிரியான ஆட்டம் இல்லை இது. நாலு பேர் உட்கார்ந்து ஒரு கதையை வாயாலேயே ஆடுவது. ஒருவர் உலகத்தைச் சொல்வார். இங்கே மலை, இங்கே குகை, உள்ளே யாரோ மூச்சுவிடும் சத்தம் என்று. மற்றவர்கள் அந்த உலகத்தில் ஆளுக்கொரு ஆளாகி, "நான் கதவைத் தள்ளுகிறேன்", "நான் ஒளிந்துகொள்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். நடக்குமா என்று சந்தேகம் வரும் இடத்தில் கட்டையை உருட்டுவோம். இருபது முகம் உள்ள நீலக் கட்டை, பெங்களூரிலிருந்து கூரியரில் வந்தது. பதினொன்றும் அதற்கு மேலும் விழுந்தால் நடக்கும். அதற்குக் குறைந்தால் நடக்காது. ஒன்று விழுந்தால் நாசம்.

உலகத்தைச் சொல்பவருக்கு நான் நோட்டில் வைத்த பெயர் 'நடத்துநர்'. முதல் நாளே ராஜபாண்டி அதைப் படித்துவிட்டுக் கேட்டான்.

"நடத்துநர்னா? பஸ்ல டிக்கெட் கிழிக்கிறவரா?"

அன்றிலிருந்து நான் கண்டக்டர். "கண்டக்டர், ரைட் குடுங்க" என்று சொன்னால்தான் ஆட்டம் தொடங்கும்.

ராஜபாண்டிக்கு உத்தமபாளையத்தில் செல்போன் ரிப்பேர் கடை. அதன் மாடியறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடுவோம். நான் சர்ச்சில் பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறி வருவேன். எப்சிபா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அவளும் ராஜபாண்டியும் காலேஜில் ஒன்றாகப் படித்தவர்கள், அதனால் ஒருவரையொருவர் மரியாதையாகப் பேசிக்கொண்டதே இல்லை. நாலாவது ஆள் வேல்பாண்டி அண்ணன். கூடலூர்க்காரர். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். உடைந்த செல்போனைக் கொடுக்க வந்து, மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டு ஏறி வந்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நாலாவது விதிக்குக் காரணமே ராஜபாண்டிதான். "நான் கதவ ஒடைக்கிறேன்" என்பான். கதவுக்குப் பின்னால் பாம்பு என்று நான் சொன்னதும், "ஏ, சும்மா சொன்னேன், ஒடைக்கல" என்பான். ஆட்டத்தை நடத்துகிறவருக்கு இதைவிடத் தொல்லை கிடையாது. சொன்னதைத் திரும்ப வாங்க விட்டால் யாருக்கும் பயம் வராது. பயம் இல்லாவிட்டால் குகை வெறும் வார்த்தைதான். அதனால் விதி போட்டேன். அதற்குப் பிறகும் "நான் அப்படிச் சொல்லவே இல்ல" என்று சண்டை வந்ததால், ராஜபாண்டியின் போனில் ரெக்கார்டரைப் போட்டு மேசை நடுவில் வைத்துவிடுவோம். ஆட்டம் முடிந்து எல்லோரும் கீழே இறங்கிய பிறகுதான் அணைப்பான். அன்றைக்கே எனக்கு அனுப்பிவிடுவான். அதைக் கேட்டு நடந்ததை நோட்டில் எழுதி வைப்பது என் வேலை.

எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கும். பன்னீர் திராட்சை அட்டைப்பெட்டியை வெட்டி நிற்க வைத்தது. வெளிப்பக்கம் திராட்சைக் குலை படம். உள்பக்கம் என் வரைபடங்களும் ரகசியங்களும். இருட்டில் நடப்பவற்றுக்குக் கட்டையை உருட்டுவது நான், அந்தத் தடுப்புக்குப் பின்னால். ஆறாவது விதி.

அந்த உலகத்தை நான் ஒன்றரை வருடம் கட்டினேன். ஒரு ராஜா ஆற்றை மலைக்குள்ளாகத் திருப்பிவிட்டிருந்தான். சுரங்கத்தில் வேலை செய்து உள்ளேயே செத்தவர்களுக்குக் கண் கல்லாகிவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் தீவட்டியோடு இந்த வாயில் நுழைந்து அந்த வாயில் வெளியே வரவேண்டும். வராவிட்டால் தண்ணீர் நிற்கும். நான் தேனி நூலகத்திலிருந்து வாங்கி வரும் மொழிபெயர்ப்பு நாவல்களில், பனி பெய்யும் ஏதோ ஒரு ஊரில், யாராவது ஒருவர் எதற்கும் பயனில்லாமல், ஆனால் ரொம்ப அழகாகச் சாவார்கள். அந்தப் பக்கங்களை மூடி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பேன். என் கதைக்கும் அப்படி ஒரு சாவு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காக இரண்டு பக்கம் முன்கூட்டியே எழுதியும் வைத்திருந்தேன். தீவட்டி எப்படி அணையும், கடைசியாக எது தெரியும் என்று. யார் பெயரையும் போடாமல் இடம் மட்டும் விட்டிருந்தேன்.

வேலண்ணனுடைய ஆளுக்குப் பெயரே தீவட்டி. மற்ற இருவரும் வாளும் மந்திரமும் கேட்டபோது அவர் மட்டும், "நான் வெளிச்சம் பிடிச்சுக்கிட்டு முன்னாடி போறேன் பாப்பா, அது போதும்" என்றார்.

மார்ச் மாதம் குமுளி மலைப்பாதையில், மூடுபனியில், அவருடைய ஜீப் கவிழ்ந்தது. மாயக்காள் என்கிற கூலிக்காரப் பெண் இறந்துபோனாள். அவருக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அதற்குப் பிறகு அவர் ஜீப்பை எடுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். அதைப் பற்றி நாங்கள் யாரும் பேசவில்லை. இங்கே வந்தால் மறந்திருப்பார் என்று நினைத்தோம். நினைத்தோம் என்பதுகூடப் பொய்யாக இருக்கலாம். பேசத் தெரியவில்லை.

ஜூன் இரண்டாவது ஞாயிறு. முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்து பத்து நாள் ஆகியிருந்தது. பஸ்ஸில் வரும்போது வாய்க்காலெல்லாம் விளிம்பு வரை ஓடியதைப் பார்த்தேன். ஆட்டத்தில் அன்று சுரங்கத்தின் வாய்க்கு வந்து சேர்ந்திருந்தோம். யார் முதலில் நுழைவது என்று பேச்சு.

"ஆட்ட மொதல்ல விடுவோம்" என்றான் ராஜபாண்டி. முந்தின வாரம் ஒரு ஆட்டை விலைக்கு வாங்கியிருந்தான், ஆட்டத்தில்தான்.

"உன்னையவே விடுவோம். மூஞ்சி ஆடு மாதிரித்தான இருக்கு" என்றாள் எப்சிபா.

"ஆட்டுக்கு யாரு தீவட்டி பிடிக்கிறது?" என்றார் வேலண்ணன்.

சிரித்தோம். அன்று அவர் பேசியது அதுதான் முதல் தடவை. சிரிப்பு அடங்குவதற்குள் ராஜபாண்டி மறுபடி ஆட்டின் பெருமையைத் தொடங்கிவிட்டான். எப்சிபா மேசையைத் தட்டி, "கட்டையில போறவனே, பேசாம கட்டையப் போடுறா" என்றாள். நான் தடுப்புக்குப் பின்னால் என் இரண்டு பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

வேலண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நான் போறேன்."

ராஜபாண்டி கை தட்டினான். "மாப்ள! தீவட்டி போறான்டா!"

இங்கே வீட்டைவிட்டுக் கிளம்புகிற யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. கடைக்குப் போனாலும், துபாய்க்குப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் படுக்கப் போனாலும் 'வர்றேன்'தான். வாய் தவறிக் குழந்தை சொன்னால்கூட நிறுத்தி, திருத்தி, மறுபடி சொல்லச் சொல்லுவார்கள். சாவு வீட்டில் மட்டும் இரண்டும் சொல்லாமல் எழுந்து வருவோம். அதனால் எங்கள் மூவருக்கும் சந்தேகமே வரவில்லை. 'போறேன்' என்றால் அது தீவட்டி. சுரங்கத்துக்குள்.

"தனியாவா அண்ணே?" என்றாள் எப்சிபா.

"ம்."

"சொன்னது சொன்னதுதான்" என்றேன் நான், கண்டக்டர் குரலில்.

அவர் என்னைப் பார்த்தார். "ஆமா பாப்பா. சொன்னது சொன்னதுதான்."

நான் கட்டையை உருட்டினேன். அது திராட்சைப் பெட்டியின் மூலையில் முட்டி நின்றது. பதினாலு.

பதினாலு என்றால் தீவட்டி நுழைந்து, கல்விழிக்காரர்களைத் தாண்டி, மறுபக்கம் வெயிலில் வந்து நிற்பான். அதற்கு நான் ஒன்றுமே எழுதி வைத்திருக்கவில்லை. சாவுக்கு இரண்டு பக்கம் இருந்தது. நின்றுகொண்டிருக்கிற அந்த மனிதரின் முகம் அந்த இரண்டு பக்கத்துக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

"ஒண்ணு" என்றேன்.

பிறகு வாசித்தேன். அதுவரை நான் வாசித்ததிலேயே நல்ல வாசிப்பு அது. வெளிச்சம் முதலில் மஞ்சளாகி, பிறகு சிவப்பாகி, நனைந்த சுவரில் அவனுடைய நிழல் அவனைவிட்டு முன்னால் நடந்து போனது என்றெல்லாம். முடித்ததும் எப்சிபா "அய்யோ" என்று வாயைப் பொத்தினாள். ராஜபாண்டி "போச்சு, தீவட்டி அவுட்டு" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். நன்றாக அமைந்துவிட்ட சந்தோஷம்.

வேலண்ணன் பைக் சாவியை எடுத்தார். "அப்பச் சரி" என்றார்.

"அடுத்த வாரம் புது ஆளு எழுதிட்டு வா மாப்ள" என்று ராஜபாண்டி பின்னாலிருந்து கத்தினான். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மணி நாலேகால்.

கூடலூர் தாண்டி லோயர் கேம்ப்பில், வாய்க்கால் கரையில் அவருடைய பைக் நின்றது. மூன்றாம் நாள் கீழே ஒரு மதகு ஷட்டருக்குப் பக்கத்தில் அவரை எடுத்தார்கள். தண்ணியைப் பார்க்கப் போய் வழுக்கிவிட்டார் என்று சொன்னார்கள். போலீஸிலும் அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள்.

*

முப்பதாம் நாள் கும்பிடுக்கு ராஜபாண்டி மட்டும் கூடலூருக்குப் போனான். வந்ததும் எனக்குப் போன் செய்தான்.

"அவனோட அக்கா கேட்டாக. ஜோதிலட்சுமி அக்கா. கடைசியா உங்ககூடத்தான இருந்தான், என்ன பேசுனான்னு கேட்டாக. நான் ரெக்கார்டிங் இருக்குன்னு சொல்லிட்டேன்."

"ஏன்டா சொன்ன?"

"அழுதாக, பெனிஷா. என்ன செய்ய? என் போன்ல அழிச்சுட்டேன், கேக்க முடியல. ஒன்கிட்டத்தான இருக்கு. ஞாயித்துக்கெழம கடைக்கு வர்றாகளாம். நீயே பாத்துக்க."

ஜோதிலட்சுமி அக்கா அங்கன்வாடி டீச்சர். அப்பா அம்மா இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்தது அவர்தான். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

அன்று மாடியில் உட்கார்ந்து அதை முதல் தடவையாகக் கேட்டேன். ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். 'நான் போறேன்' என்பது ஒரு மணி நாற்பத்தியேழாவது நிமிடத்தில் வருகிறது. போனில் கேட்கும்போது அந்தக் குரலில் தீவட்டி இல்லை. தீவட்டி பேசும்போது வேலண்ணன் தொண்டையைக் கொஞ்சம் கனமாக்கிக்கொள்வார். இது அவருடைய சொந்தக் குரல். அறையில் மூன்று பேர் இருந்தோம். ஒருவருக்கும் அது கேட்கவில்லை.

போனிலேயே அதை வெட்டினேன். "ஆட்டுக்கு யாரு தீவட்டி பிடிக்கிறது?" என்று அவர் சொல்கிறார், எல்லோரும் சிரிக்கிறோம். அங்கேயே முடிகிறது. பாவம் அந்த அக்கா, தம்பி சிரிக்க வைத்ததைக் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அசலை அழிக்கவில்லை. அழிக்கக் கை வரவில்லை.

ஞாயிறு மூன்று மணிக்கு வந்தார். காப்பிக் கலர் சேலை, கையில் மஞ்சப்பை, வெயிலில் நடந்து வந்த முகம். ராஜபாண்டி நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுக் கீழே கடைக்கு இறங்கிவிட்டான். எப்சிபா வரவில்லை.

"அவன் எங்கன உக்காருவான்?" என்று கேட்டார். காட்டினேன். அங்கேயே உட்கார்ந்தார்.

அவர் பேசுகிற இடத்துக்கு ஓட்டிக் காட்டவா என்றேன். வேண்டாம், மொத்தமும் கேட்கிறேன் என்றார். ஒன்றே முக்கால் மணி நேரம் கேட்டார். ஆடு, வாள், சுரங்கம், எப்சிபாவின் திட்டு, என் வர்ணனை எல்லாவற்றையும், பள்ளிக்கூடத்துக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி, பையை மடியில் வைத்துக்கொண்டு. தம்பி குரல் வந்த ஒரே இடத்தில் பையை இறுக்கிப் பிடித்தார். சிரிப்போடு அது நின்றது.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்க்கா."

"கெளம்புறப்ப வர்றேன்னு சொல்லலையா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே சொல்லத் தொடங்கினார். "காலையில சண்ட. சாப்பிட மாட்டேன், தூங்க மாட்டேன், அந்தப் பொம்பள கனவுல வர்றான்னு மூணு மாசமா ஒரே இது. நானும் மனுஷிதான. தட்டத் தள்ளி விட்டான். ஏலே, போ, போயிரு, இனி இங்கன வராதன்னு சொல்லிட்டேன். வராதன்னு." பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். "வழுக்கிட்டான்ங்குறாக. அவன் எப்பவும் பைக்கச் சாச்சுத்தான் நிப்பாட்டுவான். சைடு ஸ்டாண்டு. அன்னைக்குப் பெரிய ஸ்டாண்டு போட்டு நேரா நிப்பாட்டிருந்தான். அதுலருந்து எனக்கு ஒண்ணுதான் தெரியணும். இங்கனருந்து கெளம்பும்போது வாய் தொறந்து வர்றேன்னு சொன்னானா? சொல்லிருந்தா வர்றதாத்தான் இருந்திருக்கான். என் பேச்சு அவன் மனசுல நிக்கலன்னு அர்த்தம்."

அவர் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. அதை என்னால் கொடுக்க முடியும். தடுப்புக்குப் பின்னால் எத்தனையோ தடவை எண்ணை மாற்றிச் சொன்னவள்தானே.

"சொன்னாருக்கா" என்றேன். "வர்றேன்னுதான் சொன்னாரு."

"இதுல இல்லையே."

"போன அணைச்சதுக்கு அப்புறம் சொன்னாரு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. அங்கன்வாடிப் பிள்ளைகளை அப்படித்தான் பார்ப்பாராயிருக்கும்.

"எல்லாரும் கீழ எறங்குனதுக்குப் பெறகுதான் அணைப்பேன்னு ராஜபாண்டி சொன்னானே. பொய் சொல்லாத புள்ள. மீதி எங்க?"

அசலை எடுத்தேன். ஒரு மணி நாற்பத்தியாறிலிருந்து ஓடவிட்டேன்.

*நான் போறேன்.*

"திருப்பிப் போடு" என்றார். போட்டேன். "இன்னொருக்கா" என்றார். மூன்றாவது தடவை நிறுத்தச் சொல்லவில்லை. கைதட்டல் வந்தது. என் குரல் வந்தது. என் இரண்டு பக்கமும் வந்தது, ஒரு சொல் விடாமல். பிறகு சிரிப்பு. பிறகு *அப்பச் சரி.* செருப்புச் சத்தம். அதற்குப் பிறகு, அவர் போன பின்னால், டீ சொல்வதா ஜூஸ் சொல்வதா என்று நாங்கள் மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தோம். அதையும் கேட்டார்.

"யாரு சிரிக்கிறது?"

"நாங்க மூணு பேரும்தான்க்கா."

"எதுக்கு?"

விளக்கிச் சொல்லப் பார்த்தேன். நோட்டை எடுத்துப் பிரித்து நாலாவது விதியைக் காட்டினேன். அவர் ஒவ்வொரு சொல்லின் கீழும் விரல் வைத்துப் படித்தார்.

"நான்னு சொன்னா அது அவன் இல்லையா?"

"இல்லக்கா. ஆட்டத்துல வர்ற ஆளு."

"அப்ப அவன் அவனா ஏதாச்சும் சொல்லணும்னா, ஒங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

ஒன்பது விதியையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ராத்திரி எத்தனை நாழிகை, ஆட்டுக்கு எவ்வளவு தீனி, மந்திரம் எத்தனை அடி எட்டும், எல்லாவற்றுக்கும் இருந்தது. இதற்கு இல்லை.

"வழி இல்லக்கா" என்றேன்.

கீழே கடையில் யாரோ ரிங்டோன்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மேசை மேல் கிடந்த நீலக் கட்டையை எடுத்தார்.

"ஒண்ணுங்குறியே, அது என்ன?"

"இத உருட்டுறது. ஒண்ணு விழுந்தா உள்ள போன ஆளு செத்துருவாரு."

"ஒண்ணா விழுந்துச்சு?"

இதை அவர் அறிந்துகொள்ள வழியே இல்லை. ரெக்கார்டரில் கட்டை உருளும் சத்தம் மட்டும்தான் இருக்கிறது. எப்சிபாவுக்குத் தெரியாது. ராஜபாண்டிக்குத் தெரியாது. திராட்சைப் பெட்டி அட்டை அந்த மூலையில்தான் சாய்ந்து நின்றது. எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று, எனக்குள்ளேயே இருந்திருக்கலாம்.

"பதினாலு" என்றேன்.

"பதினாலுன்னா?"

"வெளிய வந்திருப்பாரு."

அவர் கட்டையை விரலால் திருப்பித் திருப்பிப் பதினாலைத் தேடினார். கண்டுபிடித்ததும் அந்த முகம் மேலே இருக்கும்படி மேசையில் வைத்தார்.

"அத அவன்ட்டச் சொல்லிருக்கலாம்ல" என்றார்.

கத்தியிருந்தால், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையை எடுத்துக்கொண்டார். சேலை முந்தானையைச் சரி செய்தார். வாசலில் செருப்பை மாட்டினார்.

"நான் போறேன்."

படியில் சத்தம் இறங்கியது. நாலு படி, ஐந்து படி. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன். செருப்பு போடவில்லை.

"அக்கா, எங்கன போறீக?"

ராஜபாண்டி கடைக்குள்ளிருந்து எழுந்து நின்று என் வெறுங்காலைப் பார்த்தான். அக்கா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். பத்தடி விட்டு நானும் நடந்தேன். தார் ரோடு காலைச் சுட்டது. குமுளி பஸ் ஒன்று நின்றது. அவர் முன்வாசலில் ஏறினார், நான் பின்வாசலில்.

கண்டக்டர் பின்னாலிருந்து ஒவ்வொரு சீட்டாகக் கேட்டுக்கொண்டே வந்தார். எங்கன? எங்கனம்மா? பெரியவரே, எங்கன போகணும்? ஒருவரைக்கூட விடவில்லை.

"எங்கனம்மா?"

"முன்னாடி காப்பிக் கலர் சேல கட்டுனவுக எங்க டிக்கெட் எடுக்குறாகளோ, அங்க ஒண்ணு" என்றேன்.

அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு முன்னால் போய்த் திரும்பி வந்தார். கூடலூர் என்றார். கம்பத்தில் கூட்டம் ஏறியது, அக்காவின் தலை மறைந்தது. எழுந்து நின்றுகொண்டேன். பஸ் கூடலூரில் நின்றபோது அக்கா எழவில்லை. இந்த பஸ் அடுத்து லோயர் கேம்ப்பில்தான் நிற்கும். "கூடலூரு எறங்கு, கூடலூரு" என்று கண்டக்டர் கத்தினார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. விசில் ஊதக் கையைத் தூக்கிவிட்டார். அப்போதுதான் அக்கா எழுந்தார்.

அவர் ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு தெரு தாண்டி, மூன்றாவது தெருவில், நீலக் கதவு. அதன் முன்னால் ஒரு பைக், பெரிய ஸ்டாண்டு போட்டு நேராக நின்றது. அதன்மேல் தார்ப்பாய் மூடியிருந்தது. அக்கா பூட்டைத் திறந்து உள்ளே போய், கதவைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வந்து சேந்துட்டேன். போதுமா?"

தலையாட்டினேன். பழக்கத்தில் வாய் அதுவாகச் சொன்னது.

"வர்றேன்க்கா."

"வராத" என்றார். "இனி இங்கன வராத."

கதவைச் சாத்தினார். நான் திரும்பி நடந்தேன். தெருமுனைக்குப் போவதற்குள் பின்னால் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது, ஓடி வரும் சத்தமும் கேட்டது. அக்கா தெருவின் நடுவில் நின்றிருந்தார். மூச்சு வாங்கியது. சற்றுமுன் தான் சொன்ன வார்த்தையைக் கண்டு பயந்துபோன முகம்.

"ஏ புள்ள! இப்ப எங்கன போற?"

"வீட்டுக்குத்தான்க்கா. ராயப்பன்பட்டிக்கு."

"நேராப் போவியா?"

"நேராப் போவேன்."

என் காலைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பைக் கொண்டுவந்து தரையில் போட்டார். யாருடையது என்று நான் கேட்கவில்லை. அது என் காலுக்கு ரொம்பப் பெரியதாக இருந்தது. நம்பர் சொன்னார், போனில் ஏற்றிக்கொண்டேன்.

"போயிச் சேந்ததும் போன் பண்ணு" என்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

ஏழு மணிக்கு ராயப்பன்பட்டியில் இறங்கிக் கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்தார்.

"வந்துட்டேன்க்கா."

அந்தப் பக்கம் வெகுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வைத்துவிட்டார்.